நில்லா உலகில் நிலைத்த நெஞ்சங்கள்

நிலையாமை என்னும் கருத்து தமிழருக்குப் புதியதன்று. வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். செல்வமும் இளமையும் யாக்கையும் நில்லா என்பதைச் சங்கச் சான்றோரும் சமணத் துறவியரும் சித்தர்களும் தத்தம் வழியில் எடுத்துரைத்தனர். கடல் கடந்த ஜப்பானியரும் இவ்வுண்மையை நன்கறிந்தவர்களே. பௌத்த நெறியின் வழியாக அவர்கள் பெற்ற ‘முஜோ’ என்னும் சொல் எதுவும் நிலைத்து நில்லாது எனப் பொருள்படும். பூத்த சில நாள்களிலேயே உதிர்ந்துவிடும் செர்ரி மலரை அவர்கள் கொண்டாடுவதும் இவ்வுணர்வின் வெளிப்பாடே.

எல்லாம் நிலையற்றவை என்று அறிந்த மனிதன் எதனைப் பற்றிக்கொண்டு வாழ்வது? துறவைப் பற்றுக என்றார் சிலர். அறத்தைப் பற்றுக என்றார் வேறு சிலர். ஜப்பானின் தென்மேற்கில், நாகசாக்கி என்னும் துறைமுக நகரை அடுத்த சிற்றூர்களில் வாழ்ந்த ஏழை உழவரும் மீனவரும் இக்கேள்விக்கு நூல் எழுதி விடை கூறவில்லை. வாழ்ந்து விடை கூறினர். ஆலயம் இல்லை, குருமார் இல்லை, வெளியே சொல்லிக்கொள்ளும் உரிமையும் இல்லை. அந்நிலையில் 220 ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கிறித்தவ விசுவாசத்தை அவர்கள் காத்து வந்தனர். எதைக் கொண்டு காத்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாக்காவில் தொடங்கிய பாதை

அந்த வரலாற்றின் முதல் ஏடு நம் நாட்டு மண்ணில் எழுதப்பட்டது என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. போர்த்துக்கீசியர் 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றினர். 1521ஆம் ஆண்டில் அங்குள்ள குன்றின் மேல் ஒரு சிற்றாலயத்தை எழுப்பினர். இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் அவ்வூருக்கு வந்து பணியாற்றினார். அவர் ஏற்கெனவே தமிழகத்து முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே உழைத்தவர். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்துகொண்டு, தெருத்தெருவாக மணி அடித்துச் சிறுவர்களைத் திரட்டி, அவர்களுக்கு அவற்றைச் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் கையாண்ட முறை. இம்முறையை நாம் நினைவில் கொள்ள வேண்டும். இதே போன்றதொரு முறை ஜப்பானில் எத்துணைப் பெரும்பயன் விளைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1547ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரை மலாக்காவில் சவேரியார் சந்தித்தார். கொலைக் குற்றத்திற்கு ஆளாகித் தாயகத்தை விட்டு ஓடி வந்தவர் அவர். மனச்சாட்சியின் உறுத்தலால் அமைதி தேடியவர். அவர் வாயிலாக ஜப்பானைப் பற்றி அறிந்த சவேரியார், 1549ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாக்காவிலிருந்து சீனக் கப்பலொன்றில் புறப்பட்டு, ஆகஸ்டு 15ஆம் நாள் காகோஷிமா துறையை அடைந்தார். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலமே அவர் அங்குத் தங்கினார். 1552ஆம் ஆண்டு டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டில் அவரது உடல் மலாக்காக் குன்றின் மேலிருந்த அந்த ஆலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின்னர்க் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் அந்த ஆலயத்தை இன்றும் காணலாம். சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. போர்த்துக்கீசியருக்குப் பின் 1641இல் டச்சுக்காரரும், அவருக்குப் பின் ஆங்கிலேயரும் மலாக்காவை ஆண்டனர். ஆட்சிகள் மாறின, ஆலயம் பாழடைந்தது. கல்லால் கட்டியதும் நிலைப்பதில்லை என்பதற்கு அக்குன்றே சான்று. அங்கிருந்து புறப்பட்ட நெறியோ, கல்லும் கூரையும் இல்லாத இடத்தில் நிலைத்து நின்றது. வரலாற்றின் விந்தை இது.

வளர்ச்சியும் வீழ்ச்சியும்

சவேரியாருக்குப் பின் வந்த குருமாரின் உழைப்பால் கிறித்தவம் ஜப்பானில் விரைந்து பரவியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 3 இலட்சம் கிறித்தவர் இருந்தனர் என மதிப்பிடப்படுகிறது. நாகசாக்கி கிறித்தவ நகரமாகவே விளங்கியது. 1582ஆம் ஆண்டில் நான்கு சிறுவர்கள் தூதுக்குழுவினராக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். இத்தோ மான்சியோ, சிஜிவா மிகுவேல், நக்காவுரா ஜூலியன், ஹரா மார்ட்டினோ என்பன அவர்தம் பெயர்கள். மலாக்கா, கோவா வழியாகச் சென்ற அக்குழு 1585இல் உரோமையில் பாப்பரசர் 13ஆம் கிரகோரியாரின் வரவேற்பைப் பெற்றது. 1590இல் அது திரும்பி வந்தபோது அச்சு இயந்திரமும் உடன் வந்தது. தமிழில் அமைந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியதையும் இங்கு நினைவுகூரலாம். இரு மொழிகளிலும் இப்பணியைத் தொடங்கி வைத்தவர்கள் ஒரே சபையினரே.

காற்றுத் திசை மாறியது. நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த டொயோட்டோமி ஹிடெயோஷி 1587இல் குருமார்களை வெளியேற ஆணையிட்டார். 1597ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாக்கியின் நிஷிசாக்கா மேட்டில் 26 பேர் சிலுவைகளில் கட்டப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களுள் 12 வயதுச் சிறுவனும் ஒருவன். இந்தியத் தாய்க்கு மும்பையை அடுத்த வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் ஒருவர். 1614ஆம் ஆண்டில் டொக்குகாவா அரசு கிறித்தவத்தை நாடு முழுவதும் தடை செய்தது. நாகசாக்கியின் ஆலயங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. குருமார் நாடு கடத்தப்பட்டனர். மறைந்து தங்கியவர்கள் வேட்டையாடப்பட்டனர். 1637-38ஆம் ஆண்டுகளில் ஷிமாபாரா வட்டாரத்து உழவர்கள் வரிக் கொடுமையும் மதக் கொடுமையும் தாளாமல் கிளர்ந்தெழுந்து, ஹரா கோட்டையில் முற்றுகையிடப்பட்டுப் பல்லாயிரவராக மாண்டனர். அதன்பின் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வருவதற்கே தடை விழுந்தது.

ஆலயங்கள் வீழ்ந்தது போலவே மனிதரும் வீழ்ந்தனர். இதனை மறைத்துவிட்டு வரலாறு எழுதுவது நேர்மையாகாது. உரோமையைக் கண்டு வந்த நான்கு சிறுவர்களின் முடிவே இதற்குச் சான்று. மான்சியோ குருவாகி 1612இல் நாகசாக்கியில் நோயுற்று இறந்தார். மார்ட்டினோ நாடு கடத்தப்பட்டு 1629இல் மக்காவ் நகரில் மறைந்தார். மிகுவேல் சபையையும் சமயத்தையும் விட்டு நீங்கினார். ஜூலியன் மறைந்து திரிந்து பணியாற்றிப் பிடிபட்டார்.

1633ஆம் ஆண்டு அக்டோபரில் ஜூலியனைத் தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிட்டனர். அவருடன் அதே தண்டனைக்கு ஆளானவர் கிறிஸ்டோவாவ் ஃபெரைரா என்னும் போர்த்துக்கீசியர். ஜப்பானிலிருந்த இயேசு சபையினருக்கு அப்போது தலைமை தாங்கியவர். சில மணி நேரத்தில் தலைவர் தம் விசுவாசத்தைத் துறந்தார். ஐரோப்பாவுக்குச் சிறுவனாகச் சென்று வந்த ஜூலியன் மூன்று நாள் தொங்கி உயிர் நீத்தார். தலைவரே விழும்போது தொண்டர் நிற்பதும் உண்டு. தொண்டர் விழும்போது தலைவர் நிற்பதும் உண்டு. ஆகவே மனிதரின் உறுதியும் நிலையற்றதே எனக் கொள்ள வேண்டும். 1644ஆம் ஆண்டில் கொனிஷி மான்ஷோ என்னும் குரு கொல்லப்பட்டதோடு அந்நாட்டில் குருமாரே இல்லாமற் போயினர்.

குருவின்றி நின்ற ஊர்

இந்நிலையில் கிறித்தவம் அழிந்துவிட்டது என்று அரசு கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. நாகசாக்கியில் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி மக்கள் வரிசையாக அழைக்கப்பட்டனர். இயேசுவின் உருவமோ மரியன்னையின் உருவமோ பொறித்த தகட்டினை அவர்கள் காலால் மிதிக்க வேண்டும். ‘ஃபுமியே’ எனப்பட்ட அத்தகட்டை மிதிக்க மறுத்தவர் கிறித்தவர் எனப் பிடிபட்டார். இச்சடங்கு 1850களின் பிற்பகுதி வரை நடந்து வந்தது.

நாகசாக்கிக்கு வடக்கே உராக்காமி என்னும் உழவர் ஊர் இருந்தது. அவ்வூர் மக்கள் தமக்குள் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். ஊருக்கு ஒருவர் ‘சோக்கத்தா’ எனப்பட்டார். திருநாள்கள் எவை, நோன்பு நாள்கள் எவை என்று கணக்கிட்டு வைக்கும் நாட்காட்டிக் காப்பாளர் அவர். சேரிதோறும் ஒருவர் ‘மிசுக்கத்தா’ எனப்பட்டார். பிறந்த குழந்தைக்கு நீரூற்றித் திருமுழுக்குக் கொடுப்பது அவர் கடமை. அதனினும் சிறிய பிரிவுதோறும் ஒருவர் ‘கிக்கியாக்கு’ எனப்பட்டார். சோக்கத்தா கணித்துச் சொன்ன நாளை வீடுவீடாகச் சென்று காதோடு காதாகச் சொல்வது அவர் பொறுப்பு.

இவ்வமைப்பைக் கூர்ந்து நோக்குவோமாயின் அதன் நுட்பம் விளங்கும். ஒருவர் நாளைக் காத்தார். ஒருவர் நீரைக் காத்தார். ஒருவர் செய்தியைக் காத்தார். எவரும் பெரும் புலமை உடையவர் அல்லர். நிலத்தை உழுது உண்டவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கடமையே வகுக்கப்பட்டிருந்தது. அக்கடமையைத் தவறாது செய்து, சாகும் முன் மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவ்வளவே. அவர்களிடம் இருந்த நாட்காட்டி 1634ஆம் ஆண்டுக்குரிய திருநாள்களை அடிப்படையாகக் கொண்டது. பஸ்தியான் என்னும் உபதேசியார் அதனை அவர்களுக்கு விட்டுச் சென்றார் என்பது மரபு. ஏழு தலைமுறைக்குப் பின் கரிய பெருங்கப்பல்களில் குருமார் வருவர் என்றும், அப்போது செபங்களை உரக்கச் சொல்லித் தெருவில் நடக்கலாம் என்றும் அவர் கூறிச் சென்றதாக அம்மக்கள் நம்பினர்.

செபங்களை அவர்கள் ‘ஒராஷோ’ என்றனர். இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல் அது. தாய் முணுமுணுக்கப் பிள்ளை கேட்டு மனப்பாடம் செய்தது. அன்னை மரியின் உருவத்தை வைத்திருத்தல் மரண தண்டனைக்கு உரியதாதலால், குழந்தையை ஏந்திய கன்னோன் என்னும் பௌத்தப் பெண் தெய்வத்தின் வெண்பீங்கான் சிலையை வைத்து, அதன் முன் மரியன்னையை நினைத்து வணங்கினர். முத்துக்குளித்துறையில் சவேரியார் சிறுவர்களின் நாவில் ஏற்றிய செபமும், உராக்காமியில் தாய் பிள்ளையின் செவியில் ஓதிய செபமும் ஒரே முறையைச் சார்ந்தவை. ஏட்டில் எழுதியதைத் தீ எரிக்கும். நெஞ்சில் எழுதியதை எரிக்கத் தீயாலும் ஆவதில்லை.

இம்மக்கள் தகட்டை மிதித்தார்களா? மிதித்தார்கள். மிதித்திராவிட்டால் ஊரே அழிந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை அவர்கள் தம் ஆண்டவரின் முகத்தில் காலை வைத்தனர். அதன்பின் வீடு திரும்பி மன்னிப்பு வேண்டிச் செபித்தனர். அதற்கு உதவியது ஒரு சிறு நூல். ‘கொன்சிரிசான்’ என்னும் முழுமையான மனத்துயரைப் பற்றி 1603இல் நாகசாக்கியில் வெளிவந்தது அது. பாவப் பொறுத்தல் வழங்கக் குரு இல்லாதபோதும், உள்ளம் நொந்து மனம் திரும்புவோரை இறைவன் மன்னிப்பார் என்பது அதன் சாரம். அச்சுப்படிகள் மறைந்தன, கையால் படியெடுக்கப்பட்ட ஏடுகள் தலைமுறை தலைமுறையாக வந்தன.

விடாமுயற்சி என்றவுடன் ஒருபோதும் தளராத வீரனையே நாம் எண்ணிக்கொள்கிறோம். உராக்காமி மக்கள் காட்டிய விடாமுயற்சி வேறு வகையது. அவர்கள் ஒவ்வோராண்டும் வீழ்ந்தனர், ஒவ்வோராண்டும் எழுந்தனர். வீழ்ந்ததை நியாயப்படுத்தவில்லை, வீழ்ந்துவிட்டோமே என்று விட்டுவிடவுமில்லை. இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை நெகிழ்விக்கும் இடம் இதுவே.

வாயிலில் வந்து நின்றவர்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பானின் கதவுகள் திறந்தன. 1858இல் ஏற்பட்ட உடன்படிக்கைகளின்படி அயல்நாட்டினர் தமக்கென ஆலயம் கட்டிக்கொள்ளலாம். ஜப்பானியருக்குத் தடை நீடித்தது. நாகசாக்கியில் ஓவுரா என்னுமிடத்தில் பிரெஞ்சுக் குருமார் ஆலயமொன்றை எழுப்பி, 1862இல் புனிதர்களாக உயர்த்தப்பட்ட அந்த 26 வேத சாட்சிகளுக்கு அதனை உரித்தாக்கினர். 1865ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது அருள்பொழிவு செய்யப்பட்டது.

அதே ஆண்டு மார்ச் 17ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை. ஏறத்தாழப் பதினைந்து பேர் ஆலய வாயிலில் தயங்கி நின்றனர். பெர்னார் பெத்திஜான் என்னும் குரு கதவைத் திறந்தார். உள்ளே சென்று அவர் செபிக்கையில், நடுவயதுப் பெண்மணி ஒருவர் அவரருகே வந்து, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னார். மரியன்னையின் திருவுருவம் எங்கே என்று வினவினார். அவர்கள் உராக்காமியிலிருந்து வந்தவர்கள்.

குருவுக்கு உண்டான வியப்பை நாம் எளிதில் உணரலாம். வந்தவர்களோ கண்மூடித்தனமாக நம்பவில்லை. இப்போது நடப்பது துயரக் காலம் என்று அவர்களே கூறினர். கணக்கிட்டுப் பார்த்தால் அது தவக்காலமேதான். நாட்காட்டிக் காப்பாளரின் கணக்குப் பிழையாகவில்லை. குருமார் உரோமைப் பெருந்தலைவரின் ஆணைக்கு உட்பட்டவரா, மணம் புரியாதவரா என்றும் அறிந்துகொண்ட பின்னரே அம்மக்கள் மனநிறைவு கொண்டனர். திருமுழுக்கின்போது அவர்கள் சொல்லிவந்த வாசகமும் பெரும்பாலும் சிதையாமல் இருந்தது. அடுத்து வந்த மாதங்களில் கோத்தோ தீவுகளிலிருந்தும் பிற கடலோர ஊர்களிலிருந்தும் மறைந்து வாழ்ந்தவர்கள் திரள்திரளாக வெளிப்பட்டனர். உராக்காமியின் ஏழாம் சோக்கத்தாவான கிச்சிசோ மட்டும் அந்நாளைக் காணவில்லை. 1856இல் நடந்த கைதுகளில் பிடிபட்டு அவர் சிறையில் மாண்டிருந்தார்.

மறுபடியும் ஒரு பயணம்

காத்திருந்த விடியல் வந்தது. அத்துடன் இடியும் வந்தது. 1867இல் உராக்காமி மக்கள் பௌத்தத் துறவியை அழைக்காமல் தம் இறந்தோரைத் தாமே அடக்கம் செய்தனர். அவ்வாண்டு ஜூலையில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். சித்திரவதை தாளாமல் ஏறத்தாழ அனைவரும் மறுதலித்தனர். தக்காகி செனெமோன் என்பவர் மட்டும் இறுதிவரை இசையவில்லை. வீடு திரும்பிய மற்றவர்கள் தம் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். வீழ்ந்து எழும் பழைய பழக்கம் அவர்களைக் கைவிடவில்லை.

1868இல் ஆட்சி மாறிப் பேரரசர் மெய்ஜியின் அரசு வந்தது. தடை மட்டும் மாறவில்லை. அவ்வாண்டிலும் 1870இலுமாக உராக்காமி ஊர் மக்கள் ஏறத்தாழ 3400 பேர் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, நாட்டின் பல பகுதிகளுக்குச் சிறைப்பட்டுச் சென்றனர். சுவானோ என்னும் மலையூரில் சிலர் மூன்றடிக் கூண்டினுள் அடைக்கப்பட்டனர். பனி உறைந்த குளத்தில் சிலர் அமிழ்த்தப்பட்டனர். 600க்கும் மேற்பட்டோர் திரும்பவேயில்லை. இக்கொடுமையை அம்மக்கள் ‘தாபி’ என்று குறிப்பிட்டனர். பயணம் என்பது அதன் பொருள். இவ்வுலகில் நிலையான ஊர் நமக்கில்லை என்ற நம்பிக்கை உடையார்க்கே நாடு கடத்தலைப் பயணம் என்று சொல்ல மனம் வரும்.

மேலைநாடுகளுக்குச் சென்ற ஜப்பானியத் தூதுக்குழுவினர் இதனால் பல இடங்களில் கண்டனத்திற்கு ஆளாயினர். 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கிறித்தவத்தைத் தடை செய்த அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. திரும்பி வந்தவர்கள் கண்டது பாழ்பட்ட வீடுகளை. அடுத்த ஆண்டே கொள்ளைநோய்கள் பரவின. பயணத்திலிருந்து மீண்ட இவானாகா மாக்கி என்னும் இளம்பெண் தம் தோழியருடன் நோயாளிகளைப் பேணினார். அநாதைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். பிறரால் துன்புற்றவர் பிறர் துன்பம் துடைக்கப் புறப்பட்டமை இவ்விசுவாசத்தின் தரத்தை உணர்த்தும்.

1880இல் அம்மக்கள் ஊர்த்தலைவரின் பழைய இல்லத்தை விலைக்கு வாங்கினர். தம் முன்னோர் ஆண்டுதோறும் நின்று தகட்டை மிதித்த இடம் அதுவே. அவ்விடத்திலேயே தம் ஆலயத்தை அமைத்தனர். 1895இல் தொடங்கிய பேராலயக் கட்டுமானம் 1914இல் நிறைவுற்றது. இரட்டைக் கோபுரங்கள் 1925இல் எழுந்தன. கிழக்காசியாவின் மிகப்பெரிய தேவாலயம் என அது பெயர் பெற்றது. இனி யாதொரு குறையுமில்லை என்றே எவரும் எண்ணியிருப்பர்.

இடிபாட்டில் ஒலித்த மணி

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் முற்பகல் 11.02 மணிக்கு நாகசாக்கியின் மீது அணுகுண்டு வெடித்தது. வெடித்த இடம் பேராலயத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவே. பாவ சங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருமார் இருவரும் அங்குக் கூடியிருந்த மக்களும் அக்கணமே மாண்டனர். உராக்காமியின் 12000 கிறித்தவர்களுள் ஏறத்தாழ 8500 பேர் உயிரிழந்தனர். 250 ஆண்டுக் கொடுமையால் அழிக்க முடியாத ஊரை ஒரு நொடி அழித்தது.

நம் நாட்டுத் தமிழருக்கு 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சி கசப்பான நினைவு. சயாம்-பர்மா இரயில் பாதையில் மடிந்த தோட்டத் தொழிலாளரை நாம் மறப்பதற்கில்லை. எனினும் உராக்காமியின் உழவனும் அவன் மனைவி மக்களும் அக்கொடுமையை வகுத்தவர் அல்லர். துன்பத்திற்கு நாடும் இனமும் இல்லை என்பதை வரலாறு கற்போர் உணர்ந்தாக வேண்டும்.

அவ்வூரில் வாழ்ந்தவர் நாகாய் தக்காஷி என்னும் கதிரியக்க மருத்துவர். அவருடைய மனைவி மிதோரி, சிறையில் மாண்ட சோக்கத்தா கிச்சிசோவின் வழித்தோன்றல். தம் இல்லம் இருந்த சாம்பலில் மனைவியின் எலும்புகளையும் செபமாலையையும் நாகாய் கண்டெடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த இரங்கல் வழிபாட்டில், இறந்தோரை இறைவனுக்கு உகந்த பலி என்று அவர் கூறினார். உற்றாரை இழந்தோருள் அவ்விளக்கத்தை ஏற்க இயலாதவர்களும் இருந்தனர். இன்றளவும் அது வாதத்திற்குரியது. துன்பத்திற்குப் பொருள் கூறுதல் எளிதன்று. துன்பத்தினிடையே செய்ய வேண்டியதைச் செய்தல் அவர்கள் அறிந்த வழி. பேராலயத்தின் இரு மணிகளுள் ஒன்று உடைந்து போயிற்று. மற்றொன்று இடிபாட்டினுள் சிதையாமல் கிடந்தது. அதனைத் தோண்டி எடுத்துக் கட்டி, அவ்வாண்டுக் கிறித்துமஸ் முந்நாள் இரவில் ஒலிக்கச் செய்தனர். சுவரில்லை, கூரையில்லை, மணி மட்டும் ஒலித்தது.

1959இல் பேராலயம் மீண்டும் எழுந்தது. உடைந்த மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் வழங்கிய புதிய மணி, 80 ஆண்டு நிறைவில், 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் பழைய மணியோடு சேர்ந்து ஒலித்தது. குண்டு வீசிய நாட்டு மக்கள் அளித்த மணி அது.

சொல்லும் பொருளும்

இவ்வரலாற்றுக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. 1865க்குப் பின் வெளிப்பட்டவர் அனைவரும் திருச்சபையில் இணையவில்லை. தம் முன்னோர் ஒப்படைத்த வழிபாட்டை விட்டுப் புதிய குருமார் சொல்வதை ஏற்பது முன்னோருக்கு இழைக்கும் தவறு என்று பலர் கருதினர். இக்கிட்சுக்கித் தீவின் மக்கள் அத்தகையோர். அவர்களின் ஒராஷோவில் ‘குருரியோசா’ என்றொரு பாடல் உண்டு. ‘ஓ குளோரியோசா தோமினா’ என்னும் இலத்தீன் பாடலே நாவுக்கு நாவு மாறி அவ்வுருவம் பெற்றது என இசை ஆய்வாளர் கண்டறிந்தனர். பாடுவோர்க்கு அதன் பொருள் தெரியாது. ஆயினும் பாடல் அழியாமல் காக்கப்பட்டது. இன்று அம்மரபைத் தொடர இளையோர் முன்வராமையால் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்து வருகின்றன. 2018இல் நாகசாக்கி வட்டாரத்தின் மறைந்து வாழ்ந்த கிறித்தவர் தலங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. சின்னங்களுக்குப் பெருமை சேர்ந்தது. செபிக்கும் நாவுகளோ குறைந்து வருகின்றன.

அம்மக்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. சிறையும் சாவும் அழிக்க முடியாததைக் காத்தவர்கள் அவர்கள். எனினும் ஆசிரியர்களாகிய நாம் இங்கு ஒரு கணம் நின்று சிந்தித்தல் வேண்டும். பொருளறியாது காக்கப்படும் சொல் கொடுமைக்காலத்தைத் தாண்டிவிடும். வசதிக்காலத்தைத் தாண்டுமா என்பது ஐயத்திற்குரியது. ஒப்படைப்பவர் சொல்லோடு அதன் பொருளையும் ஒப்படைத்தல் வேண்டும். வாங்கிக்கொள்பவன் அதனைத் தன்னுடையதாகக் கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

மலாக்கா ஆலயம் கூரை இழந்தது. நாகசாக்கியின் ஆலயங்கள் 1614இல் இடிந்தன. உராக்காமிப் பேராலயம் கட்டி முடித்து 31 ஆண்டுகளில் தூளாயிற்று. ஆட்சிகள் மறைந்தன, ஆணைகள் மறைந்தன, தலைவர்களும் தளர்ந்தனர். இவை யாவும் நில்லாதவை என்பதை அம்மக்கள் கண்கூடாகக் கண்டனர். கண்டும் சோர்ந்துவிடவில்லை. நில்லாத உலகில் நிலையான ஒருவர் உண்டென்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கையை அவர்கள் காத்த கருவிகள் மிக எளியவை: பிழையாமல் எண்ணப்பட்ட நாள், ஒரு கைப்பிடி நீர், தாய் ஓதிய செபம், வீழ்ந்தபின் மனம் நொந்து எழும் பழக்கம்.

வீடுவீடாகச் சென்று நாளைச் சொல்லி வந்த கிக்கியாக்கு பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர். அவருக்குச் சிலை இல்லை. அவர் தம் தெருவுக்குரிய சில குடும்பங்களுக்கு மட்டுமே பொறுப்பாளர். அவர் ஒருநாள் சோம்பியிருந்தால் அத்தெருவில் ஒரு திருநாள் மறைந்திருக்கும். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் ஓவுரா ஆலயத்தின் வாயிலில் எவரும் வந்து நின்றிருக்க மாட்டார்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும் இதுவே நிலை. தம் முன் அமர்ந்திருக்கும் சில பிள்ளைகளுக்கு மட்டுமே அவர் பொறுப்பாளர். தாம் பெற்றதைப் பொருள் குன்றாமல் அவர்களிடம் ஒப்படைத்துச் செல்வதே அவர் கடமை. அக்கடமை சிறிது; அதன் விளைவைக் காண அவர் இருக்கப் போவதுமில்லை. ஏழு தலைமுறைக்குப் பின் எந்தக் கதவு திறக்கும் என்பதைக் கிக்கியாக்குவும் அறிந்திருக்கவில்லை. அறியாமலே அவர் தம் நடையைத் தொடர்ந்தார்.